அம்பாசடர் பெட்ரோல் என்ஜின்: ஆயிலையும் தண்ணீரையும் சீர்செய்ய முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி, பழைய அம்பாசடர் கார்களில் உள்ள 1489 சிசி பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) பி-சீரிஸ் பெட்ரோல் என்ஜினுக்கானது. பிற்காலத்தில் வந்த இசுசு 1817 சிசி என்ஜினுக்கும் டீசல் என்ஜினுக்கும் அடிப்படைக் கொள்கை ஒன்றே. ஆனால் பாகங்களின் இடமும் அளவுகளும் வேறு. சில மாதங்களோ சில ஆண்டுகளோ ஓடாமல் நின்ற வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவர நினைப்பவர்களை மனத்தில் வைத்தே படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

வரிசையை மாற்ற வேண்டாம் என்பதே என் முதல் வேண்டுகோள். புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் ஆயிலை மாற்றிவிட்டு, அதன் பிறகு ரேடியேட்டரைக் கழுவத் தொடங்குகிறார்கள். ஹெட் கேஸ்கெட்டில், அதாவது என்ஜினின் அடிப்பகுதியான பிளாக்குக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகட்டில், மெல்லிய கசிவு இருந்தால், கழுவும் மருந்தும் துருநீரும் அந்தப் புது ஆயிலுக்குள் இறங்கிவிடும். அதனால் தண்ணீர் முதலில், ஆயில் அதன் பிறகு.

1. ஆயிலும் தண்ணீரும் செல்லும் வழி

பாதை தெரியாமல் கோளாறைத் தேட முடியாது. சம்பில், அதாவது என்ஜினின் அடித்தொட்டியில், தங்கியிருக்கும் ஆயிலை, கம்பிவலை வடிகட்டி வழியாக, கேம் ஷாஃப்ட்டால் சுழற்றப்படும் பம்ப் உறிஞ்சுகிறது. பம்பிலிருந்து வெளிவரும் ஆயில், மிகுதியான அழுத்தத்தைத் திறந்துவிடும் பிரஷர் ரிலீஃப் வால்வைக் கடந்து ஃபில்டருக்குச் சென்று, அங்கிருந்து பிளாக்கில் நீளவாட்டில் துளைக்கப்பட்ட முதன்மைக் கேலரிக்கு வருகிறது. கேலரியிலிருந்து மூன்று மெயின் பேரிங்குகளுக்கும், கிராங்க் ஷாஃப்ட்டின் உள்துளைகள் வழியே கனெக்டிங் ராடு பேரிங்குகளுக்கும், கேம் ஷாஃப்ட் பேரிங்குகளுக்கும் ஆயில் பிரிகிறது. பின்பக்கக் கேம் பேரிங்கிலிருந்து ஒரு கிளை மேலேறி, வால்வுகளைத் திறக்கும் ராக்கர்களின் தண்டை (ராக்கர் ஷாஃப்ட்) நனைத்து, புஷ்ராடு துளைகள் வழியே, கேம் ஷாஃப்ட்டின்மேல் அமர்ந்த டேப்பட்டுகளின்மேல் வடிந்து சம்புக்குத் திரும்புகிறது. பாதையின் கடைசியில் இருப்பது ராக்கர் என்பதால், அங்கே ஆயில் வந்துவிட்டால் மற்ற இடங்களைக் கடந்துதான் வந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அந்த இடைவெளியில் நிற்கும் ஆயில் படலம் உலோகத்தை உலோகம் தொடாமல் தாங்குவதோடு, உராய்விலும் பிஸ்டனிலும் பிறக்கும் சூட்டைச் சுமந்து சம்புக்குக் கொண்டுவந்து ஆற்றுகிறது. தண்ணீர் எட்டாத கிராங்க் பேரிங்குகளுக்கு ஆயிலைத் தவிர வேறு குளிர்ச்சி கிடையாது. இதனால்தான் இரண்டு அமைப்புகளையும் தனித்தனியாகப் பார்க்கக் கூடாது. கூலிங் கெட்டால் ஆயில் மெலிந்து அழுத்தம் விழும், ஆயில் கெட்டால் என்ஜின் கூடுதலாகச் சூடேறும்.

தண்ணீரின் பாதை எளிது. ரேடியேட்டரின் அடி ஹோஸிலிருந்து வாட்டர் பம்ப் இழுக்கும் தண்ணீர், பிளாக்கைச் சுற்றி, ஹெட்டுக்கு ஏறி, முன்பக்கத்தில் உள்ள தெர்மோஸ்டாட்டை (சூடான பிறகே திறக்கும் வால்வு) கடந்து, மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டரின் மேல்தொட்டியில் விழுந்து, குழாய்களில் இறங்கும்போது சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கிறது.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

வேலையின் நடுவே கடைக்கு ஓடினால் திறந்து கிடக்கும் என்ஜினில் தூசி விழும் என்பதால், எல்லாவற்றையும் வாங்கி வைத்த பிறகே ஸ்பேனரைத் தொடுங்கள். ஐந்து லிட்டர் 20டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-50 மினரல் ஆயில், ஆயில் ஃபில்டர் எலிமென்ட், அதற்கான ரப்பர் வளையம், ட்ரெயின் பிளக்குக்குச் செப்பு வாஷர், மேல் ஹோஸ், அடி ஹோஸ், கிளிப்புகள், ஃபேன் பெல்ட், தெர்மோஸ்டாட், அதன் கேஸ்கெட், ரேடியேட்டர் மூடி ஆகியவை தேவை. பழைய உதிரிபாகக் கடைகளில் அலமாரியில் பல ஆண்டுகள் கிடந்த ஹோஸ்களும் விற்பனைக்கு வருகின்றன. விரலால் மடக்கிப் பாருங்கள், மேற்பரப்பில் மயிரிழை விரிசல் தெரிந்தால் வேண்டாம்.

இந்த என்ஜினில் கேம் ஷாஃப்ட்டின்மேல் தட்டையான டேப்பட்டுகள் உரசி ஓடுகின்றன. துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த தேய்மானத் தடுப்புச் சேர்மம் அவற்றுக்குத் தேவைப்படுகிறது. மிக மெல்லிய 5டபிள்யூ, 0டபிள்யூ வகைப் புதுக்கால ஆயில்கள் குறுகிய இடைவெளி கொண்ட என்ஜின்களுக்காகச் செய்யப்பட்டவை. விலை கூடியது என்பதற்காக அவற்றை இதில் ஊற்றாதீர்கள்.

கூலன்ட்டுக்கு, வார்ப்பிரும்பும் பித்தளையும் ஈயப் பற்றும் உள்ள பழைய வண்டிகளுக்கு ஏற்றது என்று குறிப்பிட்ட எத்திலீன் கிளைக்கால் வகையையும், கலப்பதற்கு டிஸ்டில்டு தண்ணீரையும் வாங்குங்கள். நம் ஊர்களின் போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, சூடானதும் பிரிந்து உட்சுவரில் செதிலாகப் படிகிறது. அந்தச் செதில் வெப்பத்தை எளிதில் கடத்தாது; என்ஜின் கொதிப்பதற்கான காரணங்களில் பெரிய பங்கு இதற்கு உண்டு.

3. குளிர்ந்த நிலையில் செய்யும் பரிசோதனை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஆயில் மட்டத்தை அளக்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் கறுத்திருப்பது இயல்பு. மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ராக்கர் கவரின் மூடியின் உட்புறத்தில் மட்டும் மெல்லிய வெண்படலம் இருந்தால், குறுகிய தூரங்களே ஓடிய வண்டியில் நீராவி படிந்ததால் அது வந்திருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் வெண்மை தெரிந்தால் என்ஜினை இயக்கவே கூடாது. பேரிங்கில் தண்ணீர் கலந்த ஆயில் படலமாக நிற்காது. அந்த ஆயிலை வடித்து, தற்காலிகமாக ஒரு மலிவான ஆயிலை ஊற்றிய பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும்.

பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே பாருங்கள். தண்ணீரின் மேல் எண்ணெய் மிதந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்க வேண்டும். துருநிறம் மட்டுமே என்றால் கழுவினால் போதும்.

4. நின்ற என்ஜினைக் கையால் சுற்றுதல்

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு தேக்கரண்டி ஆயில் விட்டு, ஓர் இரவு ஊற விடுங்கள். மறுநாள் ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு மெதுவாகச் சுற்றுங்கள். உலர்ந்த பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரைக் கீறாமலிருக்க இது அவசியம். இறுக்கம் தெரிந்தால் பலத்தைக் கூட்டாமல் மீண்டும் ஊற விடுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரால் உடைத்துச் சுற்ற முயன்றால், துருப்பிடித்த ரிங் பிஸ்டனோடு சேர்ந்து முறியும்.

5. கூலிங் அமைப்பை வடித்துக் கழுவுதல்

வடிக்க இரண்டு இடங்கள் உண்டு: ரேடியேட்டரின் அடியில் ஒன்று, பிளாக்கின் பக்கவாட்டில் பின்பகுதியில் ஒன்று. பலர் முதலாவதை மட்டும் திறந்து, தண்ணீர் நின்றதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடுகிறார்கள். ரேடியேட்டர் காலியானாலும் பிளாக்கில் பாதித் தண்ணீர் அப்படியே நிற்கும். சேறு தங்குவதும் அங்கேதான்.

பிளாக்கிலுள்ள வடிகால் டேப்பைத் திறந்ததும் ஒரு சொட்டுகூட வராமல் போவதுண்டு. காலியாக இருப்பதாக எண்ணி மூடிவிடாதீர்கள். டேப்பை முழுவதுமாகக் கழற்றி, துளையில் ஒரு கெட்டியான கம்பியை விட்டுக் குத்தினால், முதலில் செங்கல் நிறத்தில் குழைந்த துரு வெளிவரும். பிறகு தடித்த செதில்கள். கம்பி ஆழமாக இறங்கியதும் தண்ணீர் பீறிடும். நான்காவது சிலிண்டரைச் சுற்றி இந்தச் சேறு அடைந்திருக்கும்வரை, எவ்வளவு நல்ல ரேடியேட்டரைப் பொருத்தினாலும் அந்தச் சிலிண்டர் மட்டும் தனியே சூடேறும். வெப்பமானி முன்பக்கத்துத் தண்ணீரை அளப்பதால் அந்தச் சூடு அதில் தெரியவும் தெரியாது. கழுவும் வேலையில் செலவிடும் நேரத்தின் பெரும்பகுதியை இந்தத் துளைக்கே கொடுங்கள்.

அடுத்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எடுத்துவிட்டு மூடியை மட்டும் பொருத்துங்கள். அது உள்ளே இருந்தால் குளிர்ந்த நீர் ஹெட்டைத் தாண்டாது. ரேடியேட்டரை அடியிலிருந்து மேலாக, அதாவது வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில், தோட்டத்துக் குழாயின் மெல்லிய அழுத்தத்தில் கழுவுங்கள். மேல்தொட்டியில் சிக்கிய செதில், வந்த வழியே திரும்பினால்தான் வெளியேறும். பிளாக்கையும் இதேபோல் மேல் ஹோஸ் வாயிலிருந்து எதிர்த்திசையில் கழுவ வேண்டும்.

செதில் மிகுதியாக இருந்தால், ரேடியேட்டர் ஃபிளஷ் மருந்தைப் புட்டியில் எழுதிய அளவில் கலந்து, எழுதிய நேரம் மட்டும் என்ஜினை ஓட்டி வடியுங்கள். கூடுதல் நேரம் விட்டால் கூடுதல் சுத்தம் என்பது தவறு. அமிலம் ஈயப் பற்றையும் அரிக்கும்.

6. ரேடியேட்டர், ஹோஸ், பம்ப், பெல்ட்

ரேடியேட்டரின் வெளிப்புறத் தகடுகளை என்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாகக் கழுவுங்கள். பூச்சியும் தூசியும் முன்னிருந்து வந்து சிக்கியவை. முன்னிருந்தே தண்ணீர் அடித்தால் இன்னும் உள்ளே இறுகும்.

அடி ஹோஸில் பம்பின் உறிஞ்சல் இருப்பதால், மெலிந்துபோன ஹோஸ் வேகமாக ஓடும்போது உள்ளே சப்பையாகி வழியை அடைத்துவிடும். நிறுத்திப் பார்க்கும்போது அது பழைய வடிவத்துக்கு வந்துவிடுவதால் குறை கண்ணுக்குத் தெரியாது. நெடுஞ்சாலையில் மட்டும் சூடேறும் வண்டியில் முதலில் இதையே பாருங்கள்.

வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் ஈரமோ பச்சைக் கறையோ இருந்தால் உள்ளே சீல் போய்விட்டது. அந்தத் துளையை அடைத்துக் கசிவை நிறுத்த முயல்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் தண்ணீர் பேரிங்குக்குள் சென்று பம்பையே முடக்கும். கிரீஸ் வைக்கும் திருகு உள்ள பம்புகளில் சிறிதளவே வையுங்கள்; மிகுதியான கிரீஸ் சீலைத் தாண்டித் தண்ணீருக்குள் போகும்.

ஃபேன் பெல்ட்டின் மிக நீண்ட பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். தளர்ந்தால் பம்பும் ஃபேனும் டைனமோவும் வழுக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் பம்ப், டைனமோ இரண்டின் பேரிங்குகளும் சீக்கிரம் தேயும்.

7. தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியாதீர்கள்

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று தெர்மோஸ்டாட்டை நீக்கிவிடும் பழக்கம் பல பட்டறைகளில் இருக்கிறது. அதனுடன் நான் உடன்படவில்லை. என்ஜின் தன் வேலைச் சூட்டை எட்டாமல் ஓடினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே ஆயிலில் இறங்குகிறது. ஈரம் ஆவியாகி வெளியேறாமல் சம்பில் சேறாகிறது. சுவரின் ஆயில் படலம் கழுவப்பட்டு ரிங் தேய்கிறது. வண்டி சூடேறும் கோளாறுக்குக் காரணம் அடைப்போ கசிவோ இருக்கும்போது, தெர்மோஸ்டாட்டை எடுப்பது அதைச் சில மாதங்களுக்கு மறைக்கும்.

பொருத்துமுன் சோதித்துப் பாருங்கள். ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் தெர்மோஸ்டாட்டையும் வெப்பமானியையும் அடியைத் தொடாமல் நூலில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். அதில் பொறித்திருக்கும் வெப்பநிலையை, எடுத்துக்காட்டாக 82 டிகிரி செல்சியஸை, ஒட்டித் திறக்கத் தொடங்கி, அதற்கு மேல் பத்து டிகிரிக்குள் நன்றாக விரிய வேண்டும். திறக்காததும், குளிர்ந்த பிறகு மூடாததும் உதவாது. காற்று வெளியேறும் சிறு துளை மேற்பக்கமாக இருக்கும்படி பொருத்துங்கள்.

8. நிரப்புதலும் காற்றை வெளியேற்றுதலும்

கூலன்ட்டையும் டிஸ்டில்டு தண்ணீரையும் வெளியே ஒரு வாளியில் கலந்த பிறகே ஊற்றுங்கள். தனித்தனியாக ஊற்றினால் அடியில் ஒன்றும் மேலே ஒன்றுமாக நிற்கும். மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் நம் காலநிலைக்குப் போதும். இங்கே அதன் முதன்மையான பணி துருவைத் தடுப்பது. இந்தத் திரவம் இனிப்பாக இருக்கும், நஞ்சும்கூட. வடித்த பாத்திரத்தை நாயும் பூனையும் எட்டும் இடத்தில் வைக்காதீர்கள்.

ஹீட்டர் இருந்தால் அதன் டேப்பைத் திறந்து வைத்து, மெதுவாக ஊற்றுங்கள். மூடியில்லாமல் என்ஜினை மித வேகத்தில் ஓட்டினால், தெர்மோஸ்டாட் திறக்கும் நேரத்தில் மேல் ஹோஸ் திடீரெனச் சூடாகி, காற்றுக் குமிழ்கள் வந்து, மட்டம் இறங்கும். அப்போது நிரப்பி மூடுங்கள். குமிழ்கள் நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அது சிக்கிய காற்று அல்ல. ஹெட் கேஸ்கெட் வழியே சிலிண்டரிலிருந்து வரும் எரிந்த வாயு. அப்படியானால் இத்துடன் நிறுத்தி ஹெட்டைக் கழற்ற வேண்டும்.

கழுத்துவரை நிரப்பாமல் ஓர் அங்குலம் குறைவாக விடுங்கள். தனிச் சேமிப்புத் தொட்டி இல்லாத இந்த வண்டிகளில், சூட்டில் விரியும் தண்ணீர் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தினமும் காலையில் மட்டம் குறைந்திருப்பதாகக் கழுத்துவரை ஊற்றுபவர்கள், ஊற்றியது அத்தனையும் வழிகுழாயில் வெளியேறுவதை அறியாமல், ஒரு மாதத்தில் கூலன்ட்டை வெறும் தண்ணீராக்கிவிடுகிறார்கள்.

ரேடியேட்டர் மூடியில் 4 அல்லது 7 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) என்று இருக்கும். 7 பி.எஸ்.ஐ. அழுத்தம் கொதிநிலையைச் சுமார் பத்து டிகிரி உயர்த்துகிறது. புதிய கார்களின் 13, 15 பி.எஸ்.ஐ. மூடியைப் போட்டால் இன்னும் நல்லது என்று நினைக்க வேண்டாம். பழைய ரேடியேட்டரின் பற்றுகள் அதைத் தாங்குமாறு செய்யப்படவில்லை.

9. ஆயிலை வடித்தல், ஃபில்டர் மாற்றுதல்

தண்ணீர் வேலையின் முடிவில் என்ஜின் சூடாக இருக்கும்; ஆயிலை வடிக்கச் சரியான நேரமும் இதுவே. சூட்டில் ஆயில் இளகி, அழுக்கையும் மிதக்கவைத்துக்கொண்டு இறங்கும். கையுறை போட்டுக்கொண்டு ட்ரெயின் பிளக்கைத் திறந்து, சொட்டு நிற்கும்வரை விடுங்கள். பிளக்கிலோ வடித்த ஆயிலிலோ மினுங்கும் பித்தளை, செம்பு நிறத் துகள்கள் இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது.

கிண்ண வகை ஃபில்டரில் ஒரு நீண்ட போல்ட் மட்டுமே இருக்கும். கிண்ணத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்துங்கள். இனி வரும் ரப்பர் வளையத்தில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். பழைய வளையம் ஃபில்டர் தலையிலுள்ள பள்ளத்துக்குள் தட்டையாக இறுகி, கறுத்து, உலோகத்தின் ஒரு பகுதிபோலவே தெரியும். அதன்மேலேயே புது வளையத்தை வைத்து மூடினால், இயக்கியதும் அழுத்தத்தில் ஒன்று பிதுங்கி, சில நிமிடங்களில் சம்பிலுள்ள ஆயில் முழுவதும் தரையில் கொட்டும். பள்ளத்தில் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் பதிந்தால் அது ரப்பர். கூர்முனைக் கம்பியால் ஓரிடத்தில் கிளப்பி, முழு வளையத்தையும் உரித்தெடுத்து, பள்ளத்தைத் துணியால் துடைத்து, புது வளையத்தில் ஆயில் தடவி எல்லாப் பக்கமும் சமமாகப் பதியுமாறு வையுங்கள்.

ஃபில்டருடன் சேர்த்து நான்கு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். ஆனால் கணக்கை நம்பாமல் டிப்ஸ்டிக்கை நம்புங்கள். மேல்கோட்டைத் தாண்டக் கூடாது. கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்து நுரையாக்கினால், பம்ப் காற்றை உறிஞ்சும். இன்னொன்றும் உண்டு: இந்த என்ஜினின் பின்பக்க மெயின் பேரிங்கில் ரப்பர் சீல் கிடையாது; தண்டில் வெட்டிய திருகுப் பள்ளமே ஆயிலை உள்ளே திருப்புகிறது. மட்டம் கூடினால் அந்தப் பள்ளத்தைத் தாண்டி கிளட்ச் பக்கம் ஒழுகும். ஓரிரு சொட்டு ஒழுக்கு இதன் இயல்பு; அதற்காகக் கியர்பாக்ஸை இறக்க வேண்டாம்.

10. முதல் அழுத்தத்தை ஏற்றுதல்

காலியான ஃபில்டரும் கேலரியும் நிரம்பும்வரை பேரிங்குகளுக்கு ஆயில் கிடைக்காது. எனவே பிளக்குகளைக் கழற்றி, காயிலுக்கு வரும் ஒயரை எடுத்துவிட்டு, ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து நொடிகளாகச் சுற்றுங்கள். வெடிப்பின் சுமை இல்லாததால் பேரிங்குகளுக்குத் தீங்கில்லை. ஆயில் அழுத்த மானி நகர்ந்த பிறகோ எச்சரிக்கை விளக்கு அணைந்த பிறகோ, ராக்கர் கவரைத் திறந்து, ராக்கர்களில் ஆயில் கசிகிறதா என்று கண்ணால் பாருங்கள். பல முறை சுற்றியும் அழுத்தம் வராவிட்டால் பம்ப் உலர்ந்திருக்கும். பிரஷர் குழாய் பொருந்தும் துளை வழியே ஆயில் கேனால் ஆயில் செலுத்திவிட்டு மீண்டும் சுற்றுங்கள்.

11. அழுத்தம் குறைந்தால்

என்ஜின் சூடான பிறகு, சாலை வேகத்தில் சுமார் 50 பி.எஸ்.ஐ., ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்று என்ஜின் மட்டும் ஓடும்போது, 15 பி.எஸ்.ஐ. என்பது ஆரோக்கியமான நிலை. விளக்கு மட்டுமே உள்ள வண்டிக்குத் தற்காலிகமாகவாவது ஒரு மானியைப் பொருத்திப் பாருங்கள். விளக்கு மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் எரியும் என்பதால், அது அணைந்திருப்பதை நலத்துக்குச் சான்றாகக் கொள்ள முடியாது.

குறைவாக இருந்தால் முதலில் வேறொரு மானியால் சரிபாருங்கள். பிறகு ஆயில் மட்டம். அதன் பிறகு ரிலீஃப் வால்வு: பிளாக்கின் பின்பகுதியிலுள்ள குமிழ் நட்டைக் கழற்றி, வால்வின் இருக்கையில் துகள் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் சரியென்றால்தான் பம்பும் பேரிங்கும்.

ரிலீஃப் வால்வின் ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது, அதன் பின்னே வாஷர் வைப்பது ஆகியவற்றைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐட்லிங்கில் அந்த வால்வு எப்படியும் மூடியே இருக்கிறது. அதை இன்னும் இறுக்குவதால் ஐட்லிங் அழுத்தம் உயராது. தேய்ந்த பேரிங்கின் அகன்ற இடைவெளி வழியே ஆயில் எளிதில் ஓடிவிடுவதே அழுத்தம் விழக் காரணம். ஸ்பிரிங்கை இறுக்கினால், குளிர்ந்த என்ஜினை இயக்கும்போது அழுத்தம் மட்டுமீறி எகிறி ஃபில்டர் வளையத்தைப் பிதுக்கும்.

12. சோதனை ஓட்டம்

முதல் நாளில் இருபது கிலோமீட்டருக்குள் ஓட்டி, நிறுத்தி, ஹோஸ் கிளிப்புகள், ட்ரெயின் பிளக், ஃபில்டர் கிண்ணம் ஆகியவற்றைத் தொட்டுப் பாருங்கள். மூடியைச் சூட்டில் திறக்காதீர்கள். அழுத்தம் நீங்கிய நொடியில் தண்ணீர் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சூடேறி நின்ற என்ஜினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் வார்ப்பிரும்பு ஹெட் விரிசல்விடும். அரை மணிநேரமாவது பொறுத்து, என்ஜினை ஓட்டியபடி சிறிது சிறிதாக ஊற்றுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் நெரிசலில் சூடேறினால், ரேடியேட்டரை மாற்றும் முன் இக்னிஷன் டைமிங்கை, அதாவது ஸ்பார்க் பிளக்கில் பொறி விழும் நேரத்தை, பாருங்கள். பின்தங்கிய டைமிங்கில் எரிதல் தாமதமாகி, சூடு எக்ஸாஸ்ட் வழியின் தண்ணீர்ச் சுவர்களுக்குப் போகிறது.

புது ஆயிலின் சுத்திகரிப்புச் சேர்மங்கள் பழைய படிவுகளை இளக்கும் என்பதால், நெடுநாள் நின்ற வண்டிக்கு முதல் 500 கிலோமீட்டரிலேயே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். அதன் பிறகு 5000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. அவ்வளவு ஓடாத வண்டியானால் ஆண்டுக்கு ஒரு முறை. கூலன்ட்டை இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, பிளாக் டேப்பையும் திறந்து, முழுவதுமாக வடித்து மாற்ற வேண்டும்.